உலோகக் காப்புப் படலமும் மின்வேதி நுண்ணோக்கியும்

உலோகங்கள் காற்றோடும் நீரோடும் வினைபுரிந்து சிதைவது அரிமானம் எனப்படும். இரும்பில் பிடிக்கும் துரு இதற்கு நன்கு தெரிந்த எடுத்துக்காட்டாகும். துருப்பிடிக்காத எஃகு, டைட்டானியம் போன்றவற்றின் மேல் சில நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடு படலம் உருவாகி, உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. இப்படலம் கண்ணுக்குத் தெரியாதது. ஆகவே அது இருப்பதை மெய்ப்பிக்கவே நெடுங்காலம் ஆனது.

படலம் பற்றிய விவாதம்

நீர்த்த நைட்ரிக் அமிலம் இரும்பை விரைந்து கரைக்கும். செறிந்த அமிலத்திலோ அதே இரும்பு கரையாமல் இருக்கும். இதனை 1790-இல் ஜேம்ஸ் கீர் விவரித்தார். 1836-இல் பாசெல் நகர வேதியியலாளர் ஷோன்பைன் இதற்குச் 'செயலறு நிலை' எனப் பொருள்படும் பெயரிட்டு, மைக்கேல் பாரடேவுக்கு எழுதினார். இரும்பின் மேற்பரப்பு ஆக்சிசனேற்றம் அடைந்திருக்கலாம், அல்லது அதற்கு ஒப்பான நிலையில் இருக்கலாம் என்பது பாரடேயின் கருத்து. ஷோன்பைன் அதை ஏற்கவில்லை. 1927-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த யூ. ஆர். எவன்ஸ், அடியிலிருந்த உலோகத்தை நீக்கிப் படலத்தைத் தனியே பிரித்துக் காட்டினார்.

படலம் உடையும் இடம்

உப்புநீரிலுள்ள குளோரைடு அயனிகள் படலத்தைச் சில புள்ளிகளில் மட்டும் உடைக்கின்றன. அங்கே தோன்றும் சிறு குழி ஆழமாகிக் குழாயின் சுவரையே துளைத்துவிடக்கூடும். வழக்கமான மின்வேதி அளவீடுகள் முழுப் பரப்பின் மின்னோட்டத்தையும் ஒருசேரத் தருவதால், குழி எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டுவதில்லை.

1989-இல் டெக்சாசுப் பல்கலைக்கழகத்தில் ஆலன் பார்டு குழுவினர் வருடு மின்வேதி நுண்ணோக்கியை அறிமுகப்படுத்தினர். இதில் சில மைக்ரோமீட்டர் அகலமுள்ள மின்முனை, கரைசலுக்குள் பரப்பை ஒட்டி நகர்கிறது. முனையில் வினைபுரிந்த மூலக்கூறுகளைக் கடத்தும் பரப்பு பழைய நிலைக்கு மாற்றுவதால் முனையின் மின்னோட்டம் கூடுகிறது. கடத்தாப் பரப்பின் மேல் மூலக்கூறுகளின் வரவு தடைப்பட்டு மின்னோட்டம் குறைகிறது. இவ்வேறுபாட்டைக் கொண்டு பரப்பின் வரைபடம் பெறப்படுகிறது.

1990-களில் ஹென்றி ஒயிட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் டைட்டானியத்தின் படலத்தை இம்முறையில் ஆராய்ந்தனர். புரோமைடு கரைசலில் படலத்தின் சில நுண்புள்ளிகள் மட்டும் அதிக மின்வேதிச் செயல்பாடு கொண்டிருந்தன. பின்னர் குழிகளும் அப்புள்ளிகளிலேயே தோன்றின. உலோகம் அரிக்கப்படுவதற்கு முன்பே படலத்தின் வலுவற்ற இடங்களை அறிய முடியும் என்பதை இது காட்டியது.

மின்முனையின் அளவே இம்முறையின் வரம்பு. முனையைவிட மிகச் சிறிய குறைபாடுகள் வரைபடத்தில் தெளிவாகத் தெரிவதில்லை.