கூட்டலும் குறுணியும்

திரிபுரத்தை எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் தேர், விநாயகரை வணங்காமல் கிளம்பியதால் அச்சு இற்று நின்ற இடம் அச்சிறுபாக்கம் என்கிறது ஸ்தல புராணம். பேச்சு வழக்கில் அது அச்சரப்பாக்கம். எனக்கு அந்த 'அச்சு' என்ற சொல்மேல்தான் கண். தேரோடு சேர்ந்தால் அது சக்கரத்தைத் தாங்குகிறது. வெல்லத்தோடு சேர்ந்தால் பாகை வார்க்கிறது. சொல் ஒன்றுதான், சேர்க்கையைப் பொறுத்துப் பொருள் வேறு.

நம் பழைய கணக்கர்கள் கூட்டலையும் அப்படித்தான் ஆண்டார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையன் பொன்னிலக்கம் தனியாக, நெல்லிலக்கம் தனியாகப் படித்தான். காரணம் உண்டு. வெறும் எண்ணில் 9-ம் 5-ம் 14. ஆனால் 9 குறுணி நெல்லோடு 5 குறுணியைச் சேர்த்தால், 12 குறுணி ஒரு கலமாகிவிடும்; மிச்சம் 2 குறுணி ஒரு பதக்கு. ஆக விடை, 'கலமே பதக்கு'! நிலமென்றால் 100 குழி ஒரு காணி. 60 குழியும் 70 குழியும் ஒரு காணி 30 குழி.

இந்தக் காணி இன்னும் பொல்லாதது. எண்ணில் அது 80-இல் ஒரு பங்கு. வயலில் நில அளவு. ஊரில் பரம்பரை உரிமை. செங்கற்பட்டுச் சீமை 1763-இல் நவாபிடமிருந்து கம்பெனியின் கைக்கு ஜாகீராக வந்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு சுமார் 2000 கிராமங்களைக் கணக்கெடுத்தார். அப்படியும் காணியாட்சி யாருக்கு, எதுவரை என்ற வழக்கு ஓயவில்லை. மிராசு உரிமை பற்றிய 17 கேள்விகளுக்கு எல்லிஸ் துரை எழுதிய விடை 1818-இல் புத்தகமாயிற்று. ஒரு சொல்லை எந்தப் பொருளில் கொள்வது என்பதில் குடும்பங்களின் சோறு அடங்கியிருந்தது.

இதே சங்கடம் கம்ப்யூட்டருக்கும் வந்தது. பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் 1979-இல் பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் தொடங்கிய பாஷைக்கு 1983-இல் ஸி ப்ளஸ் ப்ளஸ் என்று பெயர் வந்தது. அதில் ஒரு புதிய பொருள்வகையைப் படைப்பவர், அதற்குக் கூட்டல் குறி என்ன செய்யவேண்டும் என்பதையும் தாமே விதிக்கலாம். 1990-ஐ ஒட்டி அதற்கு அச்சும் வந்தது. பேரேடு என்று ஒரு வார்ப்பை ஒரே முறை எழுதினால் போதும்; நெல்லை வார்த்தால் நெல் பேரேடு, நிலத்தை வார்த்தால் நிலப் பேரேடு. பேரேட்டோடு பேரேட்டைக் கூட்டும் விதியையும் ஒரே முறை எழுதலாம். ஒரு நிபந்தனை: உள்ளே வார்க்கும் பொருளுக்குத் தன் கூட்டல் தெரிந்திருக்க வேண்டும். நெல்லையும் நிலத்தையும் தனி வகைகளாக வகுத்துவிட்டுக் குறுணியோடு குழியைக் கூட்டச் சொன்னால், வேலை தொடங்குமுன்பே மறுப்பு வந்துவிடும்.

அந்த மறுப்பு பெரிய உபகாரம். 1999-இல் அமெரிக்கா செவ்வாய்க்கு அனுப்பிய ஒரு விண்கலம் அழிந்தது. ஒரு சாரார் பவுண்டுக் கணக்கில் தந்த எண்களை மறுசாரார் நியூட்டன் கணக்கென்று எடுத்துக்கொண்டார்கள். எண் இருந்தது, எதன் எண் என்பது கூட வரவில்லை.

நெல்லிலக்கம் படித்த பையனாக இருந்தால், 'எத்தனை?' என்பதற்கு முன்னால் 'எதில்?' என்று கேட்டிருப்பான்.