சைக்கிளை விட்டு இறங்கிய காலம்

துரைமார் காலத்துப் போராட்டம் ஒன்றை வகுப்பில் நாங்கள் சொல்லும்போது, "சைக்கிளுக்கா சண்டை?" என்று பிள்ளைகள் சிரிப்பதுண்டு. அந்தக் கதையைக் கேளுங்கள்.

1865-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 'கு கிளக்ஸ் கிளான்' என்ற கூட்டம் தோன்றியது. முகமூடி அணிந்து, அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்களை இரவில் தாக்கியது. வெள்ளையன் மேல், மற்றவன் கீழ் என்பதே அதன் கொள்கை.

நம் தோட்டங்களில் அந்த எண்ணத்துக்கு முகமூடி தேவைப்படவில்லை. அன்றாட வழக்கமாகவே இருந்தது. எதிரே வெள்ளைக்காரத் துரை வந்தால், தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். கிராணி வந்தாலும் அப்படியே!

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆர். எச். நாதன் அவர்களுக்கு வழிகாட்டினார். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்கு நல்ல கல்வி, பெண்களுக்குப் பாதுகாப்பு, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றைக் கேட்டார்கள். அவற்றோடு, துரைக்கு முன்னால் சைக்கிளில் போகும் உரிமையையும் கேட்டார்கள்.

இதைக் கொடுக்க ஒரு காசும் செலவில்லை. ஆனால் கொடுத்துவிட்டால் 'மேல், கீழ்' என்பது போய்விடுமே! மே மாதம் நாதன் கைதாகி, நாடு கடத்தப்பட்டார். படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர்.

இன்று புக்கிட் பெலிம்பிங் சாலையில் நம் பிள்ளைகள் யாருக்கும் இறங்காமல் சைக்கிளில் போகிறார்கள். அது எளிதில் கிடைத்ததல்ல என்று அவர்களுக்குச் சொல்லி வைப்போம்.