பர்மிட் ரூம்

மும்பை நகரத்து உணவகங்கள் பலவற்றின் பெயர்ப்பலகையில், ‘பர்மிட் ரூம்’ என்னும் இரு சொற்கள் நாள்தோறும் நம் கண்ணிற்படுகின்றன. பீர் அருந்தும் கூடத்திற்கு இத்தகைய அலுவலகப் பெயர் ஏன் வாய்த்தது? அதன் விடையில் இந்நகரத்தின் நூற்றாண்டு வரலாறு ஒன்று அடங்கிக் கிடக்கிறது.

மாகிமும் தாதரும் தென்னந்தோப்புகளாக விளங்கிய காலத்தில் பண்டாரி வகுப்பினர் கள்ளிறக்கி வாழ்ந்தனர். ஏழையின் பானம் கள். பீரோ கப்பலில் வந்திறங்கிச் சிப்பாய்களின் முகாமுக்கும் துரைமார் மேசைக்கும் சென்ற பொருள். 1878இல் வந்த பம்பாய் அப்காரிச் சட்டம், மரத்திற்கு வரியும் விற்பனைக்கு உரிமமும் விதித்துக் குடியை அரசின் கருவூலத்தோடு பிணைத்தது. அவ்வருவாயின் சுவை கண்ட அரசுக்கு அதனைக் கைவிட மனம் வருமா?

வந்தது, காங்கிரஸ் மந்திரிசபையின் காலத்தில். 1937இல் இராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கை, 1939 ஆகஸ்டு முதல் நாள் பம்பாய் நகரமும் ஏற்றது. அதனை முன்னின்று நடத்திய அமைச்சர் டாக்டர் கில்டர் ஒரு பார்சி. சாராய வாணிகத்தில் பெரும்பங்கு கொண்டிருந்தோரும் பார்சிகளே. தம் இனத்தாரின் கசப்பைத் தெரிந்தே தேடிக்கொண்ட அவருடைய நெஞ்சுரத்தை, அவர் கொள்கையை ஏற்காதவரும் மதிக்கவே வேண்டும். இழந்த வருவாயை ஈடுசெய்யச் சென்னையில் இராஜாஜி விற்பனை வரி கொணர்ந்தார். பம்பாயிலோ நகரத்து வீடு, மனைகளின்மேல் வரி விழுந்தது. அவ்வாண்டின் இறுதியில் மந்திரிசபை பதவி துறக்கவே, அம்முயற்சி தளர்ந்தது.

விடுதலைக்குப் பின் 1949இல் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் பிறந்தது. அந்நாளில் உள்துறை அமைச்சர் மொரார்ஜி தேசாய். அவருடைய கண்டிப்பை விளக்கவும் வேண்டுமோ! விஸ்கியும் பிராந்தியும் பீரும், ஏன், ஓடிகொலோனும் கூடத் தாம் வைத்துப் பயன்படுத்த உரிமை உண்டென்று பல்சாரா என்பவர் வழக்காடினார். 1951 மே 25இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் பெரும்பகுதி நிலைத்தது; சாராயச் சத்துக் கலந்த மருந்துகளையும் ஒப்பனைப் பொருள்களையும் தடுத்த பகுதி செல்லாதாயிற்று. படைவீரர் உணவுக்கூடங்களுக்குத் தந்த விலக்கும் செல்லுபடியாயிற்று. ஆக, ஒரே நகரத்தில் படைவீரன் குடிப்பது முறை; ஆலைத் தொழிலாளி குடிப்பது குற்றம். உடல்நலத்தின் பொருட்டு மது வேண்டுமென்று மருத்துவர் சான்று தந்தால் பர்மிட் கிடைக்கும். சான்றுக்கு அலையப் பணமும் ஓய்வும் எவர்க்கு உண்டென்பதை வாசகர் அறிவர்.

பர்மிட் கிட்டாதவன் எங்கே சென்றான்? பாந்திரா முதலிய இடங்களில் ‘ஆன்ட்டி’ என்று அழைக்கப்பெற்ற கிறித்தவ மாதர் சிலர் வீட்டிலேயே விற்றனர். தாராவியின் கழிமுகச் சதுப்புகளில் அடுப்புகள் எரிந்தன. அங்கே நம்மவரும் இருந்தனர் என்பதை மறைத்தெழுதுவது வரலாறாகாது. தூத்துக்குடியிலிருந்து வந்து விக்டோரியா டெர்மினஸில் சுமைகூலியாக வாழ்வைத் தொடங்கிய வரதராஜ முதலியார், இக்கள்ளச் சாராயத்தாலேயே செல்வாக்குப் பெற்றார். தோல் பதனிடும் தொட்டிகளில் நின்று உழைத்த நெல்லைச் சீமைக் குடும்பங்கள் பல்லாயிரம். மாதுங்காவிலிருந்து அலுவலகம் சென்று வந்தோர் பல்லாயிரம். ஆயினும், ‘மதராசி’ என்றதும் பிறர் வாயில் முதலில் வந்தது அவ்வொருவர் பெயர்தான். ஒருவரின் தொழில் ஓரினத்தின் அடையாளமாக ஒட்டிக்கொண்ட அந்த வடு நம் மூத்த தலைமுறைக்கு நன்கு தெரியும்.

வசந்தராவ் நாயக் முதலமைச்சராயிருந்த காலத்தில் (1963-75) அரசு பிடியைத் தளர்த்தியது. விந்தை என்னவெனில், சட்டத்தை நீக்கவில்லை, பர்மிட்டை எளிதாக்கியது. பர்மிட் உடையவர் அமர்ந்து அருந்தத் தனியறை வேண்டுமென்ற நிலையில் எழுந்ததே பர்மிட் ரூம். 1960இல் மாநிலம் பிரிந்தபோது இதே சட்டத்தைச் சுவீகரித்த குஜராத், அதைக்கொண்டு இன்றும் மதுவை விலக்கி வருகிறது. மகாராஷ்டிரமோ அதைக்கொண்டே விற்கிறது! பிள்ளைகள் இருவர் ஒரே உயிலை இருவிதமாகப் படித்த கதைதான். இங்கே பீருக்கு 21 வயது, கடுமதுவிற்கு 25 வயது என்பது விதி. ஒருநாள் பர்மிட்டும் உண்டு. கேட்டு வாங்குவோர் மிகச் சிலரே.

2015 ஜூனில் மலாடு மால்வணியில் நச்சுச் சாராயம் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. மாண்டோர் பெரும்பாலும் குடிசைவாழ் உழைப்பாளிகள். பர்மிட் ரூமின் பீர் அவர்கள் கூலிக்கு எட்டாத பண்டம்.