நன்றிக்கடன் தீர்த்த எரெத்ரியா

கிரேக்க நாட்டின் எவியா தீவில், குறுகிய கடற்காலொன்றின் கரையில் அமைந்துள்ளது எரெத்ரியா. எதிர்க்கரையிலுள்ள ஓரோப்பொஸ் துறையிலிருந்து கப்பலேறி வருவோர், இதனைக் கடல் நீராட ஏற்ற சிற்றூர் என்றே கொள்வர். கி.மு. எட்டாம் நூற்றாண்டிலோ, கிரேக்கக் கடலோடிகளுள் முன்வரிசையில் நின்றவர்கள் இவ்வூரார். அண்டை நகரான கால்கிஸ் மக்களுடன் கூடி இத்தாலி வரை சென்று குடியேறினர். பின்னர் அதே கால்கிஸோடு பகைத்துப் போரும் புரிந்தனர். அப்போரில் அவர்களுக்குத் தோள் கொடுத்தது, கடல் கடந்த மிலேத்தஸ் நகரம்.

அவ்வுதவியை எரெத்ரியர் மறந்தாரல்லர். கி.மு. 499இல் மிலேத்தஸ் பாரசீகப் பேரரசை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தது. ஏதென்ஸ் 20 கப்பல்களை அனுப்ப, எரெத்ரியா 5 கப்பல்களை அனுப்பியது. ஏதென்ஸை மகிழ்விக்க அன்று, மிலேத்தஸுக்குப் பட்ட கடனைத் தீர்க்கவே அவை சென்றன என்று வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் தெளிவாகவே எழுதியுள்ளார். பாரசீகரின் மாநிலத் தலைநகரான சார்டிஸ் தீக்கிரையாயிற்று. பேரரசன் டேரியஸ் அதனை மன்னிக்கவில்லை.

கி.மு. 490இல் அவனுடைய பெரும்படை எரெத்ரியாவை முற்றுகையிட்டது. ஆறு நாள் கடும்போர் நடந்தது; இருதரப்பிலும் பலர் மடிந்தனர். ஏழாம் நாள், ஊரில் மதிப்புப் பெற்றிருந்த யூஃபோர்பஸ், ஃபிலாக்ரஸ் என்னும் இருவர் நகரைப் பகைவரிடம் காட்டிக்கொடுத்தனர். மதிலால் முடியாததன்று, மனிதரால் முடியாமற்போன காவல் அது! கோயில்கள் எரிக்கப்பட்டன. மக்கள் சிறைப்பிடிக்கப்பட்டுப் பாரசீகத்தின் உள்நாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

கடலையே வாழ்வாகக் கொண்டிருந்த அம்மக்களை, சூசா நகருக்கருகே ஆர்டெரிக்கா என்னுமிடத்தில் டேரியஸ் குடியமர்த்தினான். வேறு தீங்கு செய்யவில்லை. அதற்குச் சற்றுத் தொலைவில் நிலக்கீலும் உப்பும் எண்ணெயும் இறைக்கும் கிணறொன்று இருந்தது. அவ்வெண்ணெய் கருநிறமும் கடுநாற்றமும் உடையதாம். கப்பல் ஓட்டியவர்களுக்கு வாய்த்த புதுநிலம் இது. ஆயினும் தம் காலம் வரை அவர்கள் அங்கே தங்கள் பழைய மொழியையே பேசி வருவதாக ஹெரோடோட்டஸ் குறித்துள்ளார். அவர் எழுதியது ஏறத்தாழ இரண்டு தலைமுறைகளுக்குப் பின்னராகும். நகர் இழந்தும் நாவிழக்கவில்லை அம்மக்கள்.

தாயகத்தில் எஞ்சியோரும் ஓய்ந்துவிடவில்லை. பத்தே ஆண்டுகளில், சலாமிஸ் கடற்போருக்கு எரெத்ரியா அனுப்பிய கப்பல்கள் 7; மிலேத்தஸுக்கு அனுப்பியதைவிட இரண்டு கூடுதல்.

கி.மு. 198இல் உரோமர் இந்நகரைச் சூறையாடினர். பிற்காலத்தில் நகரமே வெறிச்சோடிப் போயிற்று. 1824இல் ப்சாரா தீவைத் துருக்கியப் படை அழித்தபோது, தப்பிய மக்கள் திக்கெட்டும் சிதறினர். அவர்களுக்கென 1834இல் இப்பாழிடத்தில் புதுநகர் வகுக்கப்பட்டது. திட்டம் தீட்டியவர் எடுவார்ட் ஷௌபெர்ட். வந்தவர்கள் ஊருக்கு இட்ட பெயர் நெயா ப்சாரா, அதாவது புதிய ப்சாரா. சதுப்பு நிலத்துக் கொசுவும் மலேரியாவும் அவர்களை வாட்டின. ஊர் எண்ணியவாறு வளரவில்லை.

1964 முதல் சுவிட்சர்லாந்து நாட்டு அகழ்வாய்வாளர் இங்கு மண்ணை அகழ்ந்து வருகின்றனர். பழைய நகரின் ஒரு பகுதி, அவ்வகதிகள் வகுத்த தெருக்களுக்கு அடியிலேயே இன்னும் கிடக்கிறது.