வெப்ப இறுகு பிசின்களின் வரலாற்றில் இடைநிலை: பேக்லைட் முதல் பிரிபிரெக் வரை

முன்னுரை

கூட்டுப்பொருள் ஆக்கத்தின் வரலாறு பெரும்பாலும் பீனாலிக், பாலியெஸ்டர், எப்பாக்சி எனப் பிசின்களின் வரிசையாகவே எழுதப்படுகிறது. இறுகல் என்னும் செயல்முறை அதில் பின்தள்ளப்படுகிறது. அவ்விறுகலைப் பாதிவழியில் நிறுத்தக் கற்றதே இப்பிசின்களைத் தொழிற்பொருளாக்கியது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

பேக்லண்டும் மூன்று நிலைகளும்

பீனாலும் ஆல்டிஹைடுகளும் வினைபுரிந்து பிசின்போன்ற பொருள் விளைவதை 1872இல் அடால்ஃப் வான் பேயர் பதிவுசெய்தார். இவ்வகை வினையில் வெப்பமும் நீரும் வெளிப்படுகின்றன. விரைந்து சூடேற்றினால் குமிழிகள் நிறைந்த நுரைக்கட்டியே எஞ்சும். எனவே பின்வந்தோர் வெப்பநிலையைத் தாழ்த்தி, பிசினை மெதுவாக இறுகவிட்டனர்.

பெல்ஜியத்தில் பிறந்து நியூயார்க் மாநிலத்தின் யாங்கர்சில் ஆய்வு நடத்திய லியோ பேக்லண்டு இதற்கு எதிர்வழியில் சென்றார். வெப்பநிலையை 100 டிகிரி செல்சியசுக்கு மேல் உயர்த்தி, குமிழிகள் தோன்றாதவாறு அழுத்தத்தால் தடுத்தார். 1907இல் அவர் விண்ணப்பித்த இம்முறைக்கு 1909இல் காப்புரிமை கிடைத்தது. இறுகலை அவர் மூன்றாகப் பகுத்தார். ஏ நிலையில் பிசின் உருகும், கரையும். பி நிலையில் அது திண்மமாயினும் வெப்பத்தால் மென்மையுறும். சி நிலையில் உருகுவதுமில்லை, கரைவதுமில்லை.

இடைநிலையின் பயன்

பி நிலையே அடுக்குத் தகடுகளுக்கு வழிவகுத்தது. பிசின் ஊட்டிய தாளையும் துணியையும் உலர்த்தி, அடுக்கி, சூட்டோடு அழுத்தினால் அவை ஒரே தகடாயின. மின்காப்புக்குரிய மைக்காவுக்கு மாற்றாக இத்தகைய தகடுகளைச் செய்த பார்மிகா நிறுவனம் 1913இல் சின்சினாட்டியில் தொடங்கியது.

இந்நிலைமாற்றத்திற்கான கோட்பாடு பின்னரே உருவாயிற்று. 1936இல் வாலஸ் கரோதர்சும் 1941இல் பால் ஃபுளோரியும் கூழ்மப் புள்ளியைக் கணக்கிட முற்பட்டனர். எல்லையற்ற வலைப்பின்னல் தோன்றும் அக்கணத்திலும் பல மூலக்கூறுகள் அதில் சேராமல் தனித்தே நிற்கும் எனப் ஃபுளோரி விளக்கினார். பிசினின் பாய்வு நின்ற பிறகும் இறுகல் ஏன் தொடர்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

முடிவுரை

இன்று வானூர்தி உறுப்புகளுக்கான பிரிபிரெக் என்னும் பிசின் ஊட்டிய இழைத்தாள், இறுகல் முன்னேறாதிருக்கச் சுமார் −18 டிகிரி செல்சியசில் சேமிக்கப்படுகிறது. பின்னர் ஆட்டோகிளேவில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் முழுமையாக இறுக்கப்படுகிறது. எப்பாக்சி இறுகுகையில் நீரை வெளியிடுவதில்லை. ஆயினும் சிக்கிய காற்றும் ஈரமும் குமிழிகளாகாமலிருக்க அழுத்தம் தேவைப்படுகிறது. பிசின்கள் மாறியபோதும் பேக்லண்டு வகுத்த செயல்முறை நிலைத்துள்ளது. ஆகவே, இத்துறையின் காலப்பகுப்பை இறுகலைக் கட்டுப்படுத்திய முறைகளின் அடிப்படையில் அமைப்பதே பொருத்தமாகும்.