யுனிக்சில் கோப்பு முறைமைப் பகிர்வு நிறுத்தம்

ஒரு கணினியின் வட்டிலுள்ள கோப்பு முறைமையை வலையமைப்பு வழியே பிற கணினிகளுக்குத் திறந்துவிட்ட பின் அந்த அனுமதியைத் திரும்பப் பெறுவது பகிர்வு நிறுத்தம் எனப்படும். கோப்புகள் அழிவதில்லை, வெளியிலிருந்து வரும் வழி மட்டுமே மூடப்படுகிறது. சிவகாசி அச்சகம் ஒன்றில் நாட்காட்டி வடிவமைக்கும் கணினியும் அச்சுத்தகடு எடுக்கும் கணினியும் ஒரே வழங்கியின் கோப்புகளைத் திறந்து வைத்திருப்பதாகக் கொள்வோம். வழங்கி பகிர்வை நிறுத்தினால் பாதியில் நிற்கும் வேலை என்னவாகும்? இதற்கு 1980களில் நேரெதிரான இரு விடைகள் தோன்றின.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984இல் உருவாக்கிய என்எஃப்எஸ் நெறிமுறையில், எந்தக் கணினி எந்தக் கோப்பைத் திறந்துள்ளது என்பதை வழங்கி நினைவில் வைப்பதில்லை. வழங்கி பழுதாகி மீண்டெழுந்தாலும் பயனர் வேலையைத் தொடரலாம் என்பது இதன் பெரிய நன்மை. ஆனால் பகிர்வை நிறுத்தும்போது யாரை எச்சரிப்பது என்பதும் அதற்குத் தெரியாது. இணைந்தவர்களின் பட்டியலை ஆர்எம்டேப் என்ற கோப்பில் எழுதி வைப்பதுண்டு. திடீரென அணைக்கப்பட்ட கணினியின் பெயரும் அதில் தங்கிவிடும் என்பதால் அதை முழுதும் நம்ப முடியாது. பயனர் பெரும்பாலும் அடுத்த முறை கோப்பைத் தொடும்போதுதான், கோப்புக் கைப்பிடி காலாவதியானது என்ற பிழைச் செய்தியைக் காண்பார்.

ஏடி அண்ட் டி நிறுவனத்தின் ஆர்எஃப்எஸ் முறை, திறந்துள்ள கோப்புகளின் கணக்கை வைத்திருந்தது. அதில் அன்அட்வ் கட்டளை புதிய இணைப்புகளை மட்டும் தடுக்கும், பழையவை தொடரும். எஃப்யுமவுண்ட் கட்டளையோ எச்சரித்து, சிறிது அவகாசம் தந்து, பிறகு துண்டிக்கும். கண்ணியமான ஏற்பாடுதான், ஆயினும் பரவலாக நிலைத்தது என்எஃப்எஸ்ஸே.

இவ்விரு நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கிய சிஸ்டம் ஃபைவ் நான்காம் வெளியீட்டில் ஷேர், அன்ஷேர் என்ற பொதுக் கட்டளைகள் வந்தன. எல்லாவற்றையும் ஒருசேர நிறுத்த அன்ஷேர்ஆல் இருந்தது. இவை அப்போதைய நிலையை மட்டுமே மாற்றும். டிஎஃப்எஸ்டேப் கோப்பில் உள்ள வரியை நீக்காவிட்டால், கணினியை மறுபடி இயக்கும்போது பகிர்வும் திரும்பிவிடும். பல நிர்வாகிகள் இடறிய இடம் இது.

லினக்சில் இப்பணியை எக்ஸ்போர்ட்எஃப்எஸ் கட்டளை செய்கிறது. அங்கும் அன்ஷேர் என்ற பெயர் உண்டு. ஆனால் 2006இல் 2.6.16 கருவகத்தில் சேர்ந்த அந்த அழைப்பு, ஒரு செயல்முறை பிறவற்றுடன் பகிர்ந்துகொள்ளும் சூழலிலிருந்து தன்னைப் பிரித்துக்கொள்வதற்கானது. வலையமைப்புப் பகிர்வை அது தொடுவதே இல்லை.