துறைமுகம் கைமாறியபோது

1957-ஆம் ஆண்டு ஒக்டோபர் 15-ஆம் நாள் திருக்கோணமலைக் கடற்படைத் தளத்திற் பிரித்தானியக் கொடி இறங்கி இலங்கைக் கொடி ஏறியது. 1795-இல் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றிய துறையை, நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட பின், ஆங்கிலேயர் ஒப்படைத்தனர். பிரதம மந்திரி பண்டாரநாயக்கா தேர்தலில் அளித்த வாக்கு நிறைவேறியது. வரலாற்று நூல்கள் இந்நாளைச் சுதந்திரத்தின் நிறைவாகக் குறிப்பது தக்கதே. ஆயினும், டொக்யாட்டின் பட்டறையிலும் பண்டகசாலையிலும் உழைத்தவனுக்கு அந்நாள் வேறொரு கேள்வியையும் எழுப்பிற்று: நாளைய சம்பளம் யார் கையிலிருந்து வரும்?

திருக்கோணமலைத் துறை இயற்கையின் கொடை. அங்குள்ள வேலையோ லண்டனின் கொடை. வாணிபக் கப்பல்கள் பெரும்பாலும் கொழும்பையே நாடியமையால், கீழ்க்கரையிற் பிழைப்பு என்பது கடற்படையை நம்பிய பிழைப்பாகவே இருந்தது. 1905-ஆம் ஆண்டையொட்டிக் கடற்படைத் தலைவர் பிஷர் செலவைச் சுருக்கியபோது இத்தளம் ஏறக்குறைய ஓய்ந்துபோயிற்று. முதலாம் உலகப் போருக்குப் பின்னர் எண்ணெய்க் குதங்கள் எழுந்தன. 1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்ததும் இத்துறையின் மதிப்பு ஒரேயடியாக உயர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 9-இல் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியதே அதற்குச் சான்று. வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த தொழிலாளர் அங்கே ஒரே சங்கொலிக்கு வேலைக்குப் போயினர்.

1935-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் இலங்கைத் தொழிலாளர் சங்கங்களுக்குச் சட்ட மதிப்பளித்திருந்தது. ஆனால் சங்கத்தின் படைக்கலம் ஒன்றுதான்: வேலை செய்ய மறுப்பது. முதலாளியே மூட்டை கட்டிப் புறப்படும்போது அந்த மறுப்புக்கு யார் அஞ்சுவார்? கொழும்பை ஒப்பிட்டால் இது விளங்கும். 1958 ஓகஸ்டிற் கொழும்புத் துறைமுகத்தின் சரக்கு வேலையைத் தனியார் கம்பெனிகளிடமிருந்து அரசாங்கக் கூட்டுத்தாபனம் ஏற்றது. அங்கே முதலாளி மாறினான், மூட்டை சுமக்கும் வேலை மாறவில்லை. திருக்கோணமலையிலோ முதலாளியோடு வேலையும் கப்பலேறிவிட்டது.

வேலை இழந்தவனுக்கு நேரான மாற்று, வேலையே. அரசாங்கமோ காணியை நாடியது. டொக்யாட்டில் வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் சுமார் 400-ஐப் பதவியாக் குடியேற்றத் திட்டத்தில் அமர்த்த எண்ணினர். இரும்பும் எண்ணெயும் பழகிய கைகள் காடு வெட்டி வயல் திருத்த வேண்டும்! அதுவும் ஒருபுறமிருக்க, காணிப் பங்கீடு அப்போது நாட்டின் மிகக் கூரிய பூசல். 1957 ஜூலை 26-இற் கைச்சாத்தான பண்டாரநாயக்கா–செல்வநாயகம் உடன்படிக்கை, காணி பெறுவோரைத் தெரியும் அதிகாரத்தைப் பிரதேச சபைகளுக்கு வழங்க ஒப்பியது; 1958 ஏப்ரல் 9-இல் அது கைவிடப்பட்டது. பதவியாவிற் சிங்களத் தொழிலாளர் முந்திச் சென்று இடத்தைப் பிடித்தனர், அரசாங்கமும் விட்டுக்கொடுத்தது. மே மாதத்திற் கலவரம் மூண்டது. 27-ஆம் நாள் அவசரகால நிலை பிறந்தது. அக்கலவரத்தைப் பற்றி நூல் எழுதிய பத்திரிகையாளர் தார்சி விட்டாச்சி பதவியா நிகழ்ச்சியையும் அதன் முன்கதையிற் சேர்த்துள்ளார். பட்டறையிற் பக்கத்தில் நின்றவர்களைப் பிரித்தது வேலையன்று, வேலையின்மைக்குக் கொடுத்த மருந்து என்பதே இதன் கசப்பு.

தளம் மூடப்படுவது திருக்கோணமலைக்கு மட்டும் நேர்ந்த இடரன்று. 1968 ஜனவரியிற் சிங்கப்பூரிலிருந்தும் விலகுவதாகப் பிரித்தானியா அறிவித்தது. தமிழரும் மலையாளிகளும் பலராக உழைத்த செம்பவாங் டொக்யாட்டை அந்நாட்டரசு பெயரளவில் ஒரு டொலருக்குப் பெற்று, அதே ஆண்டிற் கப்பல் திருத்தும் கம்பெனியாக்கியது. கலம் மாறியது, போர்க்கப்பல் நின்ற இடத்தில் வாணிபக் கப்பல் நின்றது. கடல்வழியின் நெரிசல் சிங்கப்பூருக்குத் துணை நின்றதென்பதையும் மறுப்பதற்கில்லை.

இலங்கையில் வேலைப் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டம் வந்தது 1971-இல், அவ்வாண்டின் 45-ஆம் இலக்கச் சட்டமாக. பதினைந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ உழைக்கும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணமன்றி ஒருவரை நிறுத்துவதாயின், அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ முன்கூட்டியே வேண்டும். அரசாங்கமே முதலாளியாயிருக்கும் இடத்தில் அச்சட்டம் செல்லாது.